நீல மயில்

அறுபதுகளில் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் நான் நீலம் ஓட்டினேன். ஒரே படத்தை நாலு மிஷினில் நாலு பேர் அடிப்போம். முதலில் மஞ்சள், காய்ந்ததும் சிவப்பு, அப்புறம் என் நீலம், கடைசியில் கறுப்பு. பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் ஒருத்தன் வேலை இன்னொருத்தனுக்குத் தெரியாது. மை குழைக்கும்போது முதுகைத் திருப்பிக்கொள்வோம். கைப்பக்குவத்தைப் பார்த்துவிட்டால் நம் இடத்தைப் பிடித்துவிடுவான் என்று பயம். என்ன பயமோ, போங்கள்!

பொங்கல் சீசனுக்கு முருகன் படம் ஓடியது. என்னிடமிருந்து வெளியே வந்த மயில்களில் சில பச்சை, சில பாதி நீலம். முதலாளி ஒரு தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"மயிலாடா இது, மீன்கொத்தியா? நாளைக்கும் இப்படி வந்துச்சுன்னா நீ வேற கம்பெனி பாத்துக்க."

எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. வேலை போனால் வீட்டில் என்ன சொல்வேன்? ஆத்திரமும் வந்தது. கோளாறு எங்கே நடந்தாலும், எவன் கையில் வெளியே தெரிகிறதோ அவனுக்குத்தான் ஏச்சு. இது என்ன நியாயம்?

மஞ்சள் மேல் நீலம் விழுந்தால்தான் பச்சை. பச்சை வரவில்லையென்றால் மஞ்சள் விழவில்லை. விறுவிறுவென்று மஞ்சள்காரனிடம் போனேன். என் வயசுக்காரன்தான்.

"ஏலே, உன் மஞ்சள் எங்கலே?"

"எல்லாம் சரியாத்தான் விழுது. நீயே பாரு."

மழைமூட்டம், பகலிலேயே குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சள் இருக்கிற இடமும் தெரியவில்லை, இல்லாத இடமும் தெரியவில்லை! அவன் பொய் சொல்லவில்லை, பாவம், அவன் கண்ணுக்கே தெரியவில்லை. என் கோபம் எங்கேயோ போய்விட்டது. இதை எப்படித்தான் பார்ப்பது என்று மண்டைக்குள் ஒரே குடைச்சல்.

மேசையில் மத்தாப்புப் பெட்டி சுற்றுகிற நீலக் கண்ணாடித்தாள் கிடந்தது. சும்மா எடுத்துக் கண்ணில் வைத்து, அவன் அடித்த தாளைப் பார்த்தேன். அட! மஞ்சள் விழுந்த இடமெல்லாம் கறுப்பாகத் தெரிந்தது. தோகை நடுவில் ஒரு பட்டை மட்டும் காலி.

அவன் வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தான். "அடப்பாவி, அந்த எடத்துல உருளையில மையே பிடிக்கலையேலே!"

சொன்னதுமே அவன் முகம் சுண்டிப்போனது. இப்போது போகப்போவது அவன் வேலை. இரண்டு பேரும் சேர்ந்து உருளையைக் கழற்றித் துடைத்து மாட்டினோம். அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

"கோளாறு எங்கனடா?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் நான் பிழைத்தேன், அவன் தொலைந்தான். அதற்குள் அவனே சொல்லிவிட்டான்.

"என் மிஷின்ல, மொதலாளி. இவன்தான் கண்டுபிடிச்சான். சரி பண்ணிட்டோம்."

முதலாளி கண்ணாடித்தாளை வாங்கிப் பார்த்தார். அது வழியாக, அச்சடித்த தாள் ஒன்றையும் எடுத்துப் பார்த்தார். "மயிலு பச்சையா வரணும். எனக்கு அம்புட்டுத்தான்" என்று போய்விட்டார்.

அவன் மை குழைக்க முதுகைத் திருப்பினான். கொஞ்சம் நின்று, என் பக்கமாகவே திரும்பிக்கொண்டான்.

"இங்கன வா. பாத்துக்க."

குழைத்து முடித்ததும் மடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து, மை இளகுவதற்கு ஆளிவிதை எண்ணெய் சொட்டுவிட்டான். இத்தனை காலம் ஒளித்துவைத்த ரகசியம்! எனக்குச் சிரிப்பு பீறிட்டது. நானும் என் மடியிலிருந்து குப்பியை எடுத்துக் காட்டினேன். அதே எண்ணெய்தான்.