எதிர்வீட்டுச் செங்கல்

முதல் மழை விழுந்ததும் குமரேசன் வீட்டுச் செங்கல் சுவரிலிருந்து ஒரு வாசனை கிளம்பி, தெருவைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் வரும். சின்ன வயதில் அது தாங்காமல், யாரும் பார்க்காத நேரத்தில் போய் அந்தச் சுவரை நக்கியிருக்கிறேன். கொஞ்சம் உப்புக் கரிக்கும். நியாயத்துக்கு எங்கள் வீட்டுச் சுவரையும் நக்கிப் பார்த்தேன். பெயிண்ட்.

வேடந்தாங்கல் போகும் வழியிலுள்ள எங்கள் ஊரில், எதிரெதிராக நிற்கும் இந்த இரண்டு வீடுகளையும் அண்ணன் தம்பி இருவர், ஏரி மண்ணில் அறுத்து ஒரே சூளையில் சுட்ட கல்லால், ஒரே மாதிரி வளைவு ஜன்னல் வைத்துக் கட்டினார்கள். அண்ணன் வழி நாங்கள், தம்பி வழி குமரேசன். அதாவது பங்காளிகள், அதாவது ஒருவன் வீட்டில் பல்பு மாற்றினால் மற்றவனுக்குத் தூக்கம் போய்விடும். அக்கா கல்யாணத்துக்கு அப்பா வீடு முழுக்க சிமெண்டு பூசிப் பச்சை அடித்தார். "எதிர்ல கீறவனுக்கு வயிறு எரியணும்டா" என்றார். பூச வசதியில்லாமல் சிவப்பாகவே நின்ற எதிர்வீட்டுக்குத் தெருவே "அம்மண வூடு" என்று பெயர் வைத்தது. நானும் கூடச் சேர்ந்து கத்தினேன். கத்திவிட்டு நக்கப் போனேன்.

இப்போது அந்த அம்மண வீட்டின் முன்னால் அரசாங்கத்துக்காரர்கள் பலகை நட்டிருக்கிறார்கள். பழைய சத்திரம், தபாலாபீஸ், குமரேசன் வீடு மூன்றும் பாதுகாக்கப்பட வேண்டிய செங்கல் கட்டடங்களாம். பறவை பார்க்க வருகிறவர்களும், அணுமின் நிலையக் குடியிருப்பான அணுபுரத்துக் குடும்பங்களும் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். முழு வீடும் படத்துக்குள் அடங்க வேண்டுமென்று பின்னால் நகர்ந்து நகர்ந்து என் வீட்டுச் சுவரில் சாய்ந்துகொள்கிறார்கள். ஒரு பெண் என்னிடமே, "அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றாள்.

இன்னும் எந்தக் கட்டடத்தைச் சேர்க்கலாம் என்று பார்க்க வந்த அதிகாரியின் பின்னால், லுங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"சார், உள்ள அதே கல்லுதான் சார்!"

"பூச்சை எடுத்துக் காட்டுங்க. வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்றார்.

அவர் வண்டி முனை திரும்புவதற்குள் உளியோடு தெருப்பக்கச் சுவரில் இறங்கிவிட்டேன். சிமெண்டு வந்தது, பிளாஸ்திரியோடு தோலும் வருவதுபோல, செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது. ஒரு கல்லாவது முழுசாகக் கிடைக்காதா என்று பதறிப் பதறித் தோண்டியதில், கடைசியில் கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவியின் முகம் தெரிந்தது.

"இன்னாய்யா, ஜன்னலா வெக்கிற?"

சத்தம் கேட்டு வந்த குமரேசன் ஓட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "உனுக்கின்னா அண்ணாத்த, நீ பாட்டுக்கு ஒடைக்கலாம். நானு ஒரு ஆணி அடிக்கணும்னாலும் பர்மிசன் கேக்கணும்."

ஆணி அடிக்கக்கூட அரசாங்கத்தைக் கேட்க வேண்டிய வீடு! எனக்கு வயிறு இன்னும் நன்றாகப் பற்றிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதிர்வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போனார்.

அப்பாவின் பச்சைக்குள்ளே எங்கள் செங்கல் எப்போது செத்துப்போனதோ, தெரியாது. மனைவி உள்பக்கமாக ஓட்டையின்மேல் தினசரிக் காலண்டரை மாட்டிவிட்டாள். நேற்று முதல் மழை. யாரும் பார்க்காத நேரமாகக் காலண்டரைத் தூக்கி மூக்கை வைத்தேன். அதே வாசனை, துளியும் குறையாமல் வந்தது.

எதிர்வீட்டிலிருந்து.