நெட்டையின் சாவி

என் தம்பியைக் கடுகு என்றுதான் வீட்டில் கூப்பிடுவோம். ஆள் குள்ளம், வாய் நீளம். போர்க்கப்பலில் அவனுக்கு ஏவுகணைப் பெட்டிகளைப் பராமரிக்கும் வேலை. கப்பலைத் தாக்க வரும் ஏவுகணையை வழியிலேயே மறித்து உடைக்கிற ஏவுகணைகள் அவை. "அதுங்க கப்பலுக்குக் காவக்காரன்க்கா. காவக்காரனக் குளிப்பாட்டி விடுறவன் நான்" என்று பீற்றிக்கொள்வான்.

இப்போது என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்க்கிறான். போட்டதைச் சாப்பிடுகிறான். உப்பே போடாத குழம்பைக்கூட மூச்சு விடாமல் சாப்பிட்டான். தாக்குதலில் கப்பலைக் காப்பாற்றினான் என்று பதக்கம் கொடுத்தார்கள், அதை அரிசி டப்பா மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பெட்டிகள் இருக்கும் மேல்தளத்துக்குப் போகிறவர்கள், உள்ளறைப் பலகையிலிருந்து ஆளுக்கொரு சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். எல்லாச் சாவியும் திரும்பிப் பலகையில் ஏறும்வரை ஏவுகணை கிளம்பாது. வெளியே நிற்பவன் அதன் நெருப்பில் கருகிவிடக் கூடாதே! அன்று கடுகும் அவன் கூட்டாளி நெட்டையும் வேலை முடித்து உள்ளே வந்தார்கள். நெட்டை தன் சாவியைப் பலகையில் மாட்டிவிட்டு, மறந்துபோன வாளியை எடுக்க அசட்டையாக மறுபடி வெளியே போனான், அப்போதுதான் தாக்குதல் வந்தது என்று விசாரணையில் எழுதினார்கள். கப்பல் தப்பித்தது. நெட்டை தப்பவில்லை.

போன வாரம் நெட்டையின் மனைவி வந்தாள். டீயைத் தொடவில்லை.

"அண்ணே, ஸ்கூல்ல எம்புள்ளைய கேலி பண்றாங்க. உங்கப்பன் கவனமில்லாம செத்தான்னு. ராத்திரி தூங்க மாட்டேங்கிறான். நெஜமா அவரு சாவிய மாட்டிட்டா வெளிய போனாரு?"

கடுகு மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினான்.

"இல்லம்மா. எங்கையில கொடுத்துட்டுப் போனான். ஈரக் கையுறை, மறுபடி பையில திணிக்கச் சோம்பல். கைமாத்தக் கூடாதுதான். நாங்க எப்பவும் செய்யறதுதான். சைரன் அடிச்சுது. ரெண்டு சாவியும் எங்கிட்ட."

"அப்போ?"

"ரெண்டையும் நான்தான் பலகையில மாட்டினேன்."

நான் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் அழவில்லை.

"அவரு வெளிய இருக்காருன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான். எப்பவும் அடைச்சே இருக்கற கதவு, ஆறு தாழ்ப்பாள். அதத் திறந்து அவன உள்ள இழுக்க நேரமில்ல. கீழ எல்லாரும் இருந்தாங்க." மணி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னான். "விசாரணையில சொல்ல வாய் வரல. நாளைக்கே போயிச் சொல்லிடறேன். அவன் மேல தப்பில்லன்னு எழுதுவாங்க."

அவள் ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தாள்.

"அவருக்குத் தெரிஞ்சுதாண்ணே?"

"கதவத் தட்டினான். எம்பேரச் சொல்லிச் சொல்லித் தட்டினான்."

எனக்கு அவன் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. அவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்து, செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணே" என்றாள். "கவனமில்லாம செத்தாருன்னே இருக்கட்டும். எம்புள்ள தூங்கணும்."