வியாகுல மாதாவின் உள்பாவாடை

நர்சீசா தெனெசாக்காவுக்குக் குவெங்கா நகரத்துக் கலைக் காட்சியகத்தில் முதலில் கிடைத்தது பை வாங்கி வைக்கிற வேலை. குடையையும் பையையும் வாங்கிக்கொண்டு எண் போட்ட வில்லையைக் கொடுக்க வேண்டும். ஆறு வருஷம் கொடுத்தாள். மத்தியான இடைவேளையில் சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு ஒவ்வொரு கூடமாகப் பார்த்து மனப்பாடம் பண்ணினாள்.

பிறகு ஊர் ஜனங்களும் உள்ளே வரவேண்டும் என்று மேலிடத்துக்குத் திடீர் ஞானம் பிறந்தது. சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் போய்ப் பல்லைக் காட்டி அழைக்கப் படித்தவர்கள் யாரும் தயாராக இல்லாததால் அந்த வேலை நர்சீசாவுக்கு வந்தது. நிபந்தனை ஒன்றுதான். அவள் கூட்டி வந்தவர்கள் எதையாவது தொட்டால், அவள் மறுபடியும் பை அறைக்குப் போக வேண்டும்.

ஐந்து வருஷத்தில் ஒருவரும் எதையும் தொடவில்லை. பேருந்து ஓட்டுநர் சங்கம் வந்தது; பழைய நகரத்தின் ஓவியத்துக்கு முன்னால் நின்று எந்தத் தெரு ஒருவழி என்று அரைமணி நேரம் சண்டை போட்டுவிட்டுப் போனது. விதவைகளின் பாடகர் குழு வந்தது. நர்சீசாவுக்கு அந்த வேலை உயிர். அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை.

சந்தையில் முழுப்பன்றியை வாட்டி விற்கும் பெண்கள் மட்டும் இரண்டு வருஷமாகப் பிடிகொடுக்கவில்லை. செவ்வாய்தோறும் அங்கே போய் ஒரு தட்டு கறியும் அவித்த சோளமும் தின்றுகொண்டே அழைப்பாள். அவர்களுக்குத் தலைவி சோய்லா கிஸ்பி கத்தியைத் தீட்டியபடி பதில் சொல்வாள்.

"அது பெரிய மனுசங்க போற இடம்டி. எங்க பாவாடையில கொழுப்பு வாடை அடிக்கும்."

"படத்துல இருக்கிற பெரிய மனுசங்க பாதிப்பேரு வருசத்துக்கு ஒருக்காத்தான் குளிச்சாங்களாம் அக்கா. நீங்க எவ்வளவோ தேவல."

சோய்லா சிரித்துவிட்டாள். மறுவாரம் பதினோரு பேர் மடிப்புப் பாவாடையும் சால்வையும் வைக்கோல் தொப்பியுமாக வந்து சேர்ந்தார்கள்.

புதுக் கண்காட்சி பழைய தச்சர்களின் கைத்திறனைப் பற்றியது. நடுக்கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில், ஒரு வியாகுல மாதா சொரூபம், மகனைப் பறிகொடுத்துத் துயரப்படும் தேவமாதாவின் சிலை. உடுத்திப் பார்ப்பதற்கென்றே செய்த சொரூபம் அது. முகமும் கைகளும் மட்டும் செதுக்கியவை, கழுத்துக்குக் கீழே வெறும் மரச்சட்டம். மூட்டு வேலை தெரியட்டும் என்று உடைகளைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

பேசிக்கொண்டே வந்த பெண்கள் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சோய்லா தன் பங்குக் கோயிலில் மாதாவுக்கு உடுத்திவிடுகிறவள். வருஷத்துக்கு ஒருமுறை, கதவைச் சாத்திக்கொண்டு, பெண்கள் மட்டும் செய்கிற காரியம். அந்த நேரத்தில் பாதிரியார்கூட வெளியே வெயிலில்தான் நிற்பார்.

"அவளை இப்படியா நிறுத்தி வெச்சிருக்கீங்க?" என்றாள் மெதுவாக. "ஆம்பளைங்க வந்துபோற இடத்துல."

காப்பாட்சியர் எஸ்தெவெஸ் முன்னால் வந்தார். "அம்மா, இது நானூறு வருசத்துக்கு முந்தின மரவேலை. அந்த இடுப்பு மூட்டைப் பாருங்க..."

"நீ பாக்காத. அதான் நான் சொல்றது."

சோய்லா தன் சால்வையை உருவினாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று நர்சீசாவுக்குத் தெரிந்தது. கையை நீட்டினால் தடுத்துவிடலாம். அவ்வளவு பக்கத்தில்தான் நின்றாள். ஆனால் அவளுடைய அம்மாவும் அதே மாதிரி ஒரு மாதாவுக்கு உடுத்திவிட்டவள்தான். சின்ன வயசில் கோயில் கதவுக்கு வெளியே அப்பாவோடு காத்திருந்தவள்தான் இந்த நர்சீசா. அப்படிப்பட்டவள் மூன்று வாரமாக இந்தச் சொரூபத்தின் இடுப்பு மூட்டைக் குச்சியால் சுட்டிக்காட்டி விளக்கிக்கொண்டிருக்கிறாள். ஒருமுறைகூட உறைக்கவில்லை. ஊருக்கெல்லாம் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று கிளம்பியவளுக்குத் தன் கண் அவிந்துபோனதே தெரியவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஐயா, கொஞ்சம் வெளியில நில்லுங்க," என்றாள் எஸ்தெவெஸிடம். "காவலரையும் கூட்டிட்டுப் போங்க."

"நர்சீசா, இதுக்கு என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் ஐயா."

கதவைச் சாத்திவிட்டு வந்து சால்வையின் மறுமுனையைப் பிடித்தாள்.

மறுநாள் கையுறை போட்டுச் சால்வையை எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சந்தைக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை நர்சீசா பை அறையில் இருந்தாள். அவளுடைய பழைய வேலைக்கு யாரையும் போடவில்லை. மழைக்காலம் என்பதால் குடைகள் நிறைய வந்தன. வீட்டில் கேட்டவர்களிடம் கால்வலிக்கு உட்கார்ந்த வேலை நல்லது என்றாள், அது பொய்.

ஒரு வியாழக்கிழமை காலையில் தலையை நிமிர்த்தியபோது எதிரில் வைக்கோல் தொப்பிகள் தெரிந்தன. ஆறு பேர். யாரும் அழைக்கவில்லை. சோய்லா மேசைமேல் ஒரு வெள்ளைத் துணி மூட்டையை வைத்தாள்.

"இதுக்கும் வில்லை குடுப்பியா?"

"என்னக்கா இது?"

"உள்பாவாடை. கஞ்சி போட்டு மடிச்சது. மேல போட கறுப்பு வெல்வெட்டும் இருக்கு."

"எஸ்தெவெஸ் ஐயாகிட்ட அனுமதி வாங்கிட்டீங்களா?"

"இல்ல. இப்பத்தான் கேக்கப் போறோம். அவரு ரூம்பு எங்க இருக்குன்னு தெரியாது."

நர்சீசா ஆறு தொப்பிகளையும் வாங்கி அடுக்கினாள். ஆறு வில்லைகளை எண்ணிக் கொடுத்தாள். மூட்டைக்கு வில்லை கொடுக்கவில்லை. அதைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டு, பை அறையைப் பூட்டிவிட்டு, அவர்களுக்கு முன்னால் மாடிப்படி ஏறினாள்.