டிரைவர் சம்சாரத்துக்கு பஸ் ஆகாது

என் அப்பா பஸ் டிரைவர். தருமபுரிக்கும் பொம்மிடிக்கும் நடுவே ஒரு தனியார் வண்டியை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டினார். அந்த வழியில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கோர்ட்டுக்கும் போன பாதிப் பேர் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் போயிருப்பார்கள். அவர் வண்டியில் ஏறாத ஒரே ஆள் என் அம்மா.

அம்மாவுக்கு பஸ் ஆகாது. டீசல் வாடை பட்டாலே வயிற்றைப் புரட்டும். கல்யாணமான புதிதில் அப்பா பெருமையாக அவளை முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனாராம். ஊரைத் தாண்டுவதற்குள் முகம் வெளுத்துவிட்டது. வண்டியை நிறுத்தி, கைத்தாங்கலாக இறக்க வந்தவரின் புதுக் காக்கிச் சட்டை மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள். அன்றோடு அவள் பஸ் ஏறுவதை விட்டாள். அப்பாவும் ஏறச் சொல்லவில்லை.

எங்கள் வீடு தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில். வேலை முடிந்து வரும் அப்பாவுக்கு நேராக உள்ளே நுழையும் உரிமை கிடையாது. கொல்லைப்புறமாக வந்து, காக்கி உடுப்பைக் கழற்றி முருங்கைமரத்தில் மாட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் அடுப்படிப் பக்கம் வரலாம். மழை பெய்தாலும் இதேதான். "ஸ்டாண்டுல இந்த மனுஷன் ஒரு அதட்டல் போட்டா ஊரே திரும்பிப் பாக்குது. வூட்டுக்கு வந்தா மரத்தடியில நின்னு நடுங்குது" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அவமானமாக இருக்கும். என் சிநேகிதிகளின் அப்பாக்கள் செருப்போடு வீட்டுக்குள் வந்து, தண்ணீர் கேட்டுக் கத்தினார்கள். அதுதான் ஆம்பளைத்தனம் என்று நான் நம்பிக்கொண்டிருந்த வயது.

அம்மாவின் பிறந்த வீடு நல்லம்பள்ளியில். அப்பாவுக்கு லீவு கிடைத்தால் இரண்டு பேரும் விடிந்ததும் சேலம் ரோட்டு ஓரமாக நடந்தே போவார்கள். பின்னால் வருகிற பஸ் டிரைவர்கள் எல்லாருக்கும் அப்பாவைத் தெரியும். வண்டியை மெதுவாக்கி, "என்னண்ணே, டயரு பஞ்சரா?" என்று கேட்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டே கையைக் காட்டுவார். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வயலைப் பார்த்துத் திரும்பி நிற்பாள்.

என்னை பொம்மிடியில் கட்டிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரருக்கு அங்கே ரயில்வே ஸ்டேஷனில் வேலை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் முறை. ஆனால் நர்சம்மா, பஸ்ஸிலோ வண்டியிலோ குலுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அதனால் அம்மா பத்து நாள் முன்னதாகவே மாட்டுவண்டியில் வந்துவிடுவதாக ஏற்பாடு. எனக்கோ இரண்டு வாரம் முந்தியே வலி கண்டுவிட்டது. என் வீட்டுக்காரர் காலையில் தருமபுரிக்குக் கிளம்பும் முதல் பஸ்ஸின் கண்டக்டரிடம் செய்தி சொல்லி அனுப்பினார்.

செய்தி கேட்டதும் அப்பா வீட்டுக்கு ஓடினார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காக்கி உடுப்போடு அடுப்படி வரை போனாராம்.

"புள்ளைக்கு வலி வந்திருச்சாம். நீ இரு, நான் மாட்டுவண்டி பாக்கறேன்."

"மாட்டுவண்டி போய்ச் சேர்றதுக்குள்ள பேரப்புள்ள எழுந்து நடக்க ஆரம்பிச்சிரும். பஸ்ஸுலயே வரேன், எடுங்க."

இதற்குமேல் நடந்ததை எனக்குச் சொன்னவர் அப்பாவோடு வேலை செய்த கண்டக்டர். அப்பா வாளித் தண்ணீர் கொண்டுவந்து வண்டியைத் தானே கழுவினார். ஜன்னலில் வேப்பங்கொத்துக் கட்டினார். ஊதுவத்தி ஏற்றினார். அம்மாவின் கையில் இரண்டு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து ஜன்னலோரம் உட்காரவைத்தார். "பீடி குடிக்கறவங்க எறங்கி நடந்து வாங்க" என்று அறிவித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

எடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும், ஓட்டினார் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நிறுத்தி இறக்கி ஏற்றினாராம். பின்னால் தேங்காய் மூட்டை வைத்துக் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்துக்கொண்டே முந்திப் போனார்.

"டிரைவரே, வண்டி போவுதா, நின்னுருச்சா?" என்றார் ஒருவர்.

"பொம்மிடியில ரயிலு போயிருங்க" என்றார் இன்னொருவர்.

"ரயிலு நாளைக்கும் வரும்" என்றார் அப்பா. கண் மட்டும் கண்ணாடியில் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்ததாம்.

பொம்மிடியில் அம்மா கெட்டியாக இறங்கி நின்றாள். "ஒண்ணும் ஆவலைங்க" என்றாள். அப்பா பின்னாலேயே இறங்கி, முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வாந்தி எடுத்தார்.

அதற்குள் ரயிலும் போயிருந்தது, என் மகனும் பிறந்திருந்தான். ரயிலைத் தவறவிட்டவர்களில் பஸ் முதலாளியின் சம்பந்தியும் ஒருவர். அதனால் ஏன் தாமதம் என்று கேட்டு மெமோ சீக்கிரமே வந்தது. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். பதிலை என்னை எழுதச் சொன்னார்.

"வண்டியில என்ன ரிப்பேருன்னு எழுதட்டும்பா?"

"ரிப்பேரு ஒண்ணுமில்லைன்னு எழுது. சம்சாரம் இருந்தாங்கன்னு எழுது."

அப்படியே எழுதினேன். படித்துவிட்டு முதலாளி ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார். இருபது வருஷத்தில் அப்பாவுக்குக் கிடைத்த நீளமான லீவு அதுதான். அந்த வாரம் முழுக்க பொம்மிடியில் எங்கள் வீட்டிலேயே தங்கி பேரனின் துணிகளைத் துவைத்தார். அவருடைய வண்டியை வேறொருவர் ஓட்டிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் ஹாரன் அடிப்பார். அப்பா ஈரத் துணியோடு கையைத் தூக்கிக் காட்டுவார். குழந்தை அழுதால் மடியில் வைத்து வாயாலேயே என்ஜினை உறுமவிடுவார். அவன் உடனே அடங்கிவிடுவான். உள்ளேயிருந்து அம்மா, "ஏங்க, அந்தச் சத்தத்த நிறுத்துங்க, கொமட்டுது" என்பாள்.

இனிமேல் அம்மா பஸ்ஸில் போவாள் என்று நாங்கள் நினைத்தோம். "அது புள்ளைக்காகப் போனது. சும்மா சும்மா எதுக்கு?" என்று ஊர் திரும்ப மாட்டுவண்டி கேட்டாள். அப்பா கூடவே நடந்து போனார்.

1970களின் கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டு எழுந்த அப்பா நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தார். அதோடு சரி. காரியத்துக்கு வந்தவர்கள் அவரைப் பற்றி அழகழகாகப் பேசினார்கள். பெரிய பொறுமைசாலி என்றார்கள். கோபமே வராது, தங்கமான குணம் என்றார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தவள், கடைசியில் பொறுக்க முடியாமல் வாய் திறந்தாள்.

"ஆருங்க சொன்னது? களியில ஒரு கட்டி இருந்தாப் போதும், மூணு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. தலையில எண்ணெ வெக்க வந்தா சின்னப்புள்ளையாட்டம் ஓடுவாரு. படுத்தா அந்தக் கொறட்டை! என்னமோ சாமியாட்டம் பேசறீங்களே."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று ஒருத்தி என் காதில் சொன்னாள். அம்மா நிறுத்தவில்லை. சாயங்காலம் வரை ஒவ்வொரு குறையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மறந்துபோனதை எடுத்துக் கொடுத்தேன்.