ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு

கடைசியாக அப்பாவும் சிவரஞ்சனியும் சேர்ந்து செய்த வேலை, அவருடைய பைக்கில் செயின் இறுக்கியது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டியில் உட்கார்ந்து பாரம் கொடுக்க, மற்றவர் குனிந்து செயினின் தளர்வை அளக்க வேண்டும். ஐயாதுரை ஏறி உட்கார்ந்தார். மகள் ஸ்கேலை வைத்துப் பார்த்து முப்பது மில்லிமீட்டர் என்றாள். அம்புட்டுப் போதும் என்றார். நட்டை இறுக்கி முடித்ததும் அவள் இரண்டு கையாலும் சீட்டை அழுத்திப் பார்த்தாள். லேசில் அமுங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவளே வாங்கி வந்து மாட்டிய ஷாக் அப்சார்பர்.

“ஓடையில எப்படிப்பா இருக்கு?”

“கல்லு மாதிரி இருக்கு தாயி.”

அவள் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள். அது ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலையே ஓசூருக்கு பஸ் ஏறிவிட்டாள். புதன்கிழமை காலை ராஜபாளையம் வீட்டு வாசலில், ரப்பர் பூட்ஸை மாட்டக் குனிந்த ஐயாதுரை நிமிரவில்லை. அறுபத்து மூன்று வயது.

ஐயாதுரை பால் சங்கத்துக்காக மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். சேத்தூரில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு வரை, மலையடிவாரத்து மாந்தோப்பு, தென்னந்தோப்புகளில் கட்டிக் கிடக்கும் மாடுகள் அவர் பொறுப்பு. மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் அன்றைக்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் தப்பினால் இருபது நாள் காத்திருக்க வேண்டும். ஓடையில் தண்ணீர் வருகிறது, நாளைக்கு வைத்துக்கொள்வோம் என்று மாட்டிடம் சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட வேலைக்கு அவர் பிடித்த வண்டி நெடுஞ்சாலைக்கென்று செய்தது. ஆலங்குளத்து இன்ஜினியர் ஒருவர் இமயமலை வரை போய்வர ஆசைப்பட்டு வாங்கி, மதுரையைத் தாண்டாமலே விற்றுவிட்ட பழைய டூரிங் வண்டி. முகத்துக்கு முன்னால் கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் சாய்ந்துகொள்ள ஒரு முதுகுத் திண்டு. அதை அவர் ஓடைக்குள் இறக்கப் போகிறார் என்று தெரிந்ததும் சங்கத்தில் சிரித்தார்கள். கல்யாண மண்டபத்துச் சோபாவைத் தூக்கிக் களத்துமேட்டில் போடுகிறாரே என்றார் செயலாளர். ஐயாதுரை கண்ணாடியைக் கழற்றி வீட்டில் கோழிக்கூண்டுக்கு மூடியாக வைத்தார். ஒரு பெட்டியில் கையுறை, மறு பெட்டியில் ஸ்பேனரும் மிதி பம்பும். முதுகுத் திண்டோடு சேர்த்துத் திரவ நைட்ரஜன் கேனைக் கட்டினார். விந்துக் குழல்கள் உறைநிலையில் கிடப்பது அந்தக் கேனுக்குள்தான்.

அவர் ஓடையைத் தாண்டுவதைப் பார்த்தவர்கள் பிறகு சிரித்ததில்லை. கரையில் நிறுத்தி, இரண்டு டயரிலும் காற்றை இறக்குவார். முன்னாலும் பின்னாலும் பதினெட்டு பவுண்டு. முதல் கியர். அதற்கப்புறம் கிளட்சும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. உட்காரும் இடம் தாழ்வு என்பதால் இரண்டு காலும் தரையைத் தொடும். மணலோ உருண்டைக் கல்லோ, அவசரப்படாமல் மாட்டு வண்டி வேகத்தில் போய் அக்கரை ஏறிவிடும். திரும்பி வந்து தார் ரோட்டில் நின்று காற்று மிதிப்பார். பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேன் கீழே விழுந்ததில்லை.

சிவரஞ்சனி வாகனத் தொழிற்சாலையில் அதிர்வுச் சோதனை செய்கிறவள். ஒரு விடுமுறையில் அப்பாவோடு போனபோது, கல்லில் இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் தட்டுகிற சத்தம் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஸ்பிரிங் மெத்தென்று இருக்கிறது, இந்தப் பாதைக்கு ஆகாது என்றாள். அடுத்த முறை வரும்போது, கரடு முரடுப் பாதைக்கென்றே செய்த ஷாக் ஒரு ஜோடி கொண்டுவந்து தானே மாட்டினாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் வண்டியைத் துடைக்கப் போனவள் பழக்கத்தில் சீட்டை அழுத்தினாள். புசுக்கென்று இறங்கியது. குனிந்து பார்த்தாள். பழைய ஷாக். அவள் வாங்கித் தந்தது கோணிப்பையில் சுற்றி, எண்ணெய் தடவி, அலமாரிக்கு அடியில் இருந்தது.

பக்கத்தில் அப்பாவின் நோட்டு. தினமும் காலையில் மரக்குச்சியைக் கேனுக்குள் விட்டெடுத்து, பனி பூத்த உயரத்தை, அதாவது உள்ளே மிச்சமிருக்கும் நைட்ரஜன் மட்டத்தை, அதில் எழுதி வைப்பார். அவள் அதைச் சோதனை அறிக்கை படிப்பதுபோல் படித்தாள். சாதாரணமாக ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் குறைந்தது. அவள் புது ஷாக் மாட்டிய மறுநாளிலிருந்து ஒன்று, ஒன்றேகால். பதினோரு நாள் அப்படி. பன்னிரண்டாம் நாள் மறுபடி அரை. காரணம் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

ஓட்டுகிறவருக்கு வண்டி எப்படி இருக்கும் என்றுதான் அவள் பார்த்தாள். கேனுக்கு எப்படி இருக்கும் என்று பார்க்கவில்லை. குலுங்கக் குலுங்க நைட்ரஜன் ஆவியாகிப் போகும்.

“ஞாயித்துக்கிழம என் ஷாக்குதானம்மா கெடந்துச்சு?” என்று அடுப்படியில் போய்க் கேட்டாள்.

அம்மா வெள்ளைத்தாய் அரிவாள்மணையை விட்டு நிமிரவில்லை. “நீ வாரேன்னு போன் பண்ணுனா சனிக்கிழம ஒன் சாமான மாட்டுவாக. நீ பஸ் ஏறுன மறுநா கழட்டிருவாக. ரெண்டு வருசமா நாந்தான் ஸ்பேனர் எடுத்துக் குடுத்தேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?”

“பிள்ள ஆசையா வாங்கியாந்தத எப்படிட்டி வேண்டாம்பாக?”

அவள் திரும்பி வந்து நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். ஒரு வரியின்கீழ் இரண்டு கோடு போட்டிருந்தது. *பெத்தம்மாள், செவலை மாடு. மூணாவது ஊசி. 19ஆம் தேதி சினையான்னு கை விட்டுப் பார்க்கணும். அதுவரை விக்காதேன்னு சொல்லியிருக்கு.*

பெத்தம்மாள் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மாந்தோப்பில் காவல் இருக்கிறவள். அங்கே செல்போன் எடுக்காது. இரண்டு முறை சினை பிடிக்காத மாடு. இந்த முறையும் வெறும் வயிறாக இருந்தால் தரகர் கையில் பிடித்துக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. சினையாக இருப்பது தெரியாமல் கொடுத்துவிட்டால் அதைவிடக் கொடுமை. அன்று தேதி பதினெட்டு.

அரசு கால்நடை மருத்துவர் காளீஸ்வரியைப் போய்ப் பார்த்தாள். வரத் தயார்தான், ஆனால் தன் ஸ்கூட்டர் ஓடை வரைக்கும்தான் வரும், நடந்து போனால் பத்தரைக்குள் மருத்துவமனைக்குத் திரும்ப முடியாது என்றார் டாக்டர். நான் கூட்டிப் போகிறேன் என்றாள் சிவரஞ்சனி. அந்த வண்டியை அவள் தார் ரோட்டில்தான் ஓட்டியிருக்கிறாள். அதையும் சொன்னாள்.

டாக்டர் நீளக் கையுறை ஒன்றை எடுத்துப் பையில் வைத்தார். “ஊசி போடுதவங்க நெறைய பேரு இருக்காங்க. மூணு மாசங் கழிச்சுத் திரும்பிப் போயிப் பாக்குதவரு எனக்குத் தெரிஞ்சு அவரு ஒருத்தர்தான். காலைல ஏழு மணிக்கு வாங்க.”

பத்தொன்பதாம் தேதி ஓடைக்கரையில் நிறுத்தினாள். காற்றை இறக்கினாள். முன்னால் பதினெட்டு, பின்னாலும் பதினெட்டு. டாக்டர் கேன் இருந்த இடத்தில் சாய்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டார். முதல் கியர். மணலில் முன்சக்கரம் ஒரு பக்கமாக இழுத்தது. கை தானாகக் கிளட்சுக்குப் போனது. விரலை எடுத்தாள். வண்டி அது பாட்டுக்குப் போனது. கற்கள் வந்தபோது பின்பக்கம் தட்டியது, அவளுக்குப் பிடிக்காத அதே சத்தம். ஆனால் முதுகுக்கு ஒன்றும் வரவில்லை. மெத்தென்று ஏறி மெத்தென்று இறங்கியது. அக்கரை ஏறியதும் டாக்டர் கம்பியை விட்டுவிட்டுத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

தோப்பில் வண்டிச் சத்தம் முன்பே கேட்டிருக்க வேண்டும். செவலை மாடு இரண்டு மரத்துக்கு நடுவே இழுத்துக் கட்டப்பட்டு நின்றது. பக்கத்தில் ஐயாதுரை கை கழுவுவதற்கென்று ஒரு வாளி வெந்நீர், விளிம்பில் சோப்பு, மடித்த துண்டு. குடிசைக்குள்ளிருந்து பெத்தம்மாளின் குரல்தான் முதலில் வந்தது.

“வாங்கய்யா. தரகன் ரெண்டு மட்டம் வந்துட்டுப் போயிட்டான். ஐயா வந்து பாக்காம தும்ப அவுக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

வெளியே வந்தவள் வண்டியைப் பார்த்தாள். வண்டியில் இருந்தவளைப் பார்த்தாள்.

“நான் அவிய மக” என்றாள் சிவரஞ்சனி. “அப்பா தவறிட்டாக. இன்னைக்கு வரணும்னு எழுதி வச்சிருந்தாக.”

பெத்தம்மாள் மாட்டின் பின்னால் போய் வாலை ஒதுக்கிப் பிடித்தாள். டாக்டர் தோள்வரை கையுறை மாட்டிக் கையை உள்ளே விட்டார். கண் எங்கோ மாங்கிளையில் இருந்தது. மாடு ஒரு காலை மாற்றி வைத்தது. வெகுநேரமானது போல் இருந்தது.

“பிடிச்சிருக்கு” என்றார் டாக்டர். “மூணு மாசம்.”

பெத்தம்மாள் வாலை விட்டாள். செம்பில் வெந்நீர் மொண்டு டாக்டரின் கைக்கு ஊற்றினாள். பிறகு சோப்பைச் சிவரஞ்சனியிடம் நீட்டினாள். அவள் கையில் அழுக்கு ஒன்றுமில்லை. வாங்கிக் கழுவினாள்.