நிலாவுக்கு ஆள் எதுக்கு?

கண்காட்சி வழிகாட்டியிடம் மக்கள் அதிகம் கேட்கும் கேள்வி, "டாய்லெட் எந்தப் பக்கம்?" என்பதுதான். நாள் முழுக்க நின்றுகொண்டே பேசிவிட்டு, வீட்டுக்குப் போனதும் "காபி வேணுமா?" என்ற கேள்விக்குக்கூடத் தலையை மட்டும் ஆட்டும் என் இனத்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா!

நான் வழிகாட்டி ஆவதற்கு முன்பு சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தேன். புடவையை விரித்து விரித்து மடித்ததில் முட்டி தேய்ந்த பிறகு, தஞ்சோங் பகாரில் ஒரு மண்டபத்தில் நடந்த நிலாக் கண்காட்சியில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வழிகாட்டியாகச் சேர்ந்தேன். மனிதன் மறுபடி ஏன் நிலாவுக்குப் போக வேண்டும் என்பதுதான் கண்காட்சியின் விஷயமே. முன்பு போனவர்கள் எதைப் பார்க்காமல் வந்துவிட்டார்கள், தென்துருவத்துப் பள்ளங்களில் பனிக்கட்டி இருக்கிறது என்கிறார்களே, அதை யார் போய்த் தோண்டுவது, மிஷினே போதாதா என்றெல்லாம் நான் விளக்க வேண்டும். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு பைத்தியம் பிடிக்கும் என்று நானே நினைக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரியே நாளைக்கு என்ன சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

அப்படி இருக்கும்போது மேனேஜர் டெஸ்மண்ட் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு குட்டி மிஷினோடு வந்தார். காட்சிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றால் அதுவே பேசுமாம், கேள்வி கேட்டால் பதிலும் சொல்லுமாம். "தமிழும் இருக்கு லா. அப்புறம் ஆள் எதுக்கு? மாசக் கடைசி வரைக்கும் ரெண்டையும் வச்சுப் பார்ப்போம்," என்று இந்த ஊர்ப் பாணியில் 'லா' போட்ட இங்கிலீஷில் சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல மனுஷன்தான். மிஷின் இருக்கும்போது ஆள் எதுக்கு என்று நிலா விஷயத்தில் கேட்டால் பொழுதுக்கும் பேசுவேன். என் விஷயத்தில் கேட்டபோது, மிஷினைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு சார்," என்றேன்.

சொந்த ஊர்

மண்டப வாசலில் பெரிய பேனர் ஒன்று தொங்கியது. மனிதர்களை மறுபடி நிலாவுக்கு அனுப்புவது பற்றி இங்கிலீஷில் இருந்த வரியை யாரோ கம்ப்யூட்டரிடம் கொடுத்திருக்கிறார்கள். அது சமர்த்தாக, "மனிதர்களை நிலவுக்குத் திருப்பி அனுப்புவோம்!" என்று தமிழாக்கித் தந்துவிட்டது. இந்த ஊரில் 'திருப்பி அனுப்பிட்டாங்க' என்றால் என்ன அர்த்தம் என்று அந்தக் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? வேலை பெர்மிட்டை வெட்டி, பெட்டியைக் கட்டி, பிளேன் ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தம்.

பூன் லே பக்கம் தொழிலாளர் விடுதியில் தங்கியிருந்த முருகையன் என்ற வெல்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு வந்தார். பேனருக்குக் கீழே நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார், நண்பர்களைப் பார்த்தார், திரும்பவும் படித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னக்கா தப்பு பண்ணாங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. யாரும் தப்புப் பண்ணவில்லை, மறுபடி போகப்போகிறார்கள், அவ்வளவுதான் என்று விளக்கினேன். அவருக்கு அப்படியும் சமாதானம் ஆகவில்லை.

"திருப்பி அனுப்புறதுன்னா சொந்த ஊருக்குத்தானே அனுப்புவாங்க? அப்ப அவங்களுக்குச் சொந்த ஊரே நிலாதானாக்கா?"

பேனரை மாற்றச் சொல்லி டெஸ்மண்டிடம் ஓடினேன். "டிக்‌ஷனரிப்படி சரிதானே?" என்றார். பேனர் அங்கேயே தொங்கியது.

ஜன்னல் வழியே

அத்தர் வியாபாரம் செய்யும் ஹாஜா நானா மனைவியோடு வந்திருந்தார். ஜவுளிக்கடை நாளிலிருந்தே எனக்கு அறிமுகம். நிலாவில் எங்கே எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று மேலேயிருந்தே கணக்குப் போட்டுவிடுகிறார்கள், ஆனாலும் ஒருத்தர் போய்ப் பார்த்தால்தான் நிச்சயம் என்று நான் சொன்னதும் அவருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது.

"சரியாச் சொன்னேம்மா! நோன்புப் பெருநாள் என்னைக்குன்னு கணக்குப் போட்டு முன்னாடியே சொல்லிடுறாங்க. எனக்கும் தெரியும். ஆனா அன்னைக்குச் சாயந்தரம் ஜன்னல்ல தலைய நீட்டிப் பிறையத் தேடலைன்னா எனக்குப் பெருநாளே வராது," என்றார். இங்கே வானம் எப்போதும் மேகம்தானே, ஒரு தடவையாவது கண்ணில் பட்டிருக்கிறதா என்று கேட்டேன். "படலை, ஆனா பார்த்தேன்ல?" என்றார். அந்தப் பதிலை என் விளக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி குறுக்கே வந்தார்.

"அட, நீங்க வேற! இவரு பிறையவா பாக்குறாரு? எதிர் பிளாக்ல யாரு வீட்ல என்ன பலகாரம் சுடுறாங்கன்னு பாக்குறாரு."

கனகாம்பரக் கலர்

ஒரு நாள் இளம் எஞ்சினியர் பெண் ஒருத்தி கழுத்தில் மிஷினை மாட்டிக்கொண்டே என் கூட்டத்திலும் வந்து நின்றாள். நம்ம ஊர்ப் பிள்ளை. கேள்வி ஒவ்வொன்றும் சுருக்கென்று வந்தது. "ஆன்ட்டி, ரோபோவுக்குச் சோறு வேணாம், காத்து வேணாம், செத்தா யாரும் அழமாட்டாங்க. பின்ன எதுக்கு ரிஸ்க்?"

எனக்குப் பிடித்த கதையை எடுத்துவிட்டேன். கடைசியாகப் போய் நடந்தவர்களில் ஒருவர் கல்லையும் மண்ணையும் பற்றிப் படித்தவர். எங்கே பார்த்தாலும் சாம்பல் நிறம். திடீரென்று அவர் காலடியில் ஆரஞ்சு நிற மண்! கனகாம்பரக் கலர் என்று நான் சொல்வேன். அதைத் தேடு என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. அவர் கத்திய கத்தலில் அள்ளி எடுத்து வந்து பார்த்தால், பழங்காலத்தில் எரிமலை கக்கிய கண்ணாடித் துளிகள். "சொன்னதை மட்டும் பார்க்கிறது மிஷின். கடையில பச்சைப் புடவை கேட்கிற அம்மாவோட கண்ணு மஞ்சள் புடவை மேலேயே இருக்கும். அதை மிஷின் பார்க்குமா?" என்று முடித்தேன். நாலு பேர் கைதட்டினார்கள்.

அவள் தட்டவில்லை. கழுத்திலிருந்த மிஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கிண்டல் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள்: "ஆன்ட்டி, நீங்க நிலாவுக்காகப் பேசுறீங்களா, உங்க வேலைக்காகப் பேசுறீங்களா?"

அன்றைக்கு ரயிலில் வீடு போய்ச் சேரும் வரைக்கும் அதே யோசனைதான். சத்தியமாக எனக்கே தெரியவில்லை.

தெரியாது

மாசக் கடைசி ஞாயிறு. டெஸ்மண்ட் வருகிற எல்லோருக்கும் மிஷினை மாட்டிவிட்டு, என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பார்த்து முருகையன் கூட்டம் வந்தது. மிஷின் நல்ல செந்தமிழில், நிறுத்தி நிதானமாகப் பேசியது. பொறாமையாக இருந்தது, என்னை விடச் சுத்தமான தமிழ். எல்லாரும் தலையாட்டிக்கொண்டே நடந்தார்கள். சரி, நம்ம கதை முடிந்தது, கைப்பையை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நிலாவில் வீடு கட்டித் தங்குவதைக் காட்டும் மாதிரிக்கு முன்னால் முருகையன் நின்றுவிட்டார். மிஷினிடம் என்னவோ கேட்டார். "மன்னிக்கவும், உங்கள் கேள்வி புரியவில்லை," என்றது. மறுபடி கேட்டார், மறுபடி அதே மன்னிப்பு. அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அக்கா, அங்க வேலைக்குப் போன ஆளு செத்துட்டா, உடம்ப ஊருக்குக் கொண்டுவருவாங்களா? எங்களுக்கெல்லாம் இங்க வர்றப்பவே அதுக்கு ஏற்பாடு இருக்கு. அவங்களுக்கு?"

இத்தனை ஞாயிறு பேசியிருக்கிறேன், ராக்கெட், பனிக்கட்டி, கனகாம்பரக் கலர். இது எனக்குத் தோன்றவே இல்லை. "தெரியலப்பா," என்றேன். பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். அங்கேயே புதைக்கலாமா, நிலாவில் புதைத்தால் அமாவாசைக்கு எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது, அங்கிருந்து பார்த்தால் பூமிதானே மேலே இருக்கும், அப்படியானால் அவர்களுக்குச் சொந்த ஊர் வானத்தில் அல்லவா தெரியும் என்று பேச்சு எங்கெங்கோ போனது. காட்சி முடியும் நேரத்து மணி அடித்தும் ஒருத்தரும் நகரவில்லை.

டெஸ்மண்ட் வந்து என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். "மிஷினுக்கும் தெரியலை, உனக்கும் தெரியலை. ரெண்டும் ஒண்ணுதானே லா?" என்றார். அந்தக் கேள்வியை நான் முருகையனுக்குத் தமிழில் சொன்னேன். அவர் என்னையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணு இல்லைங்க சார். தெரியலன்னு சொல்றப்ப அக்காவுக்கு மூஞ்சி மாறிப்போச்சு."

நான் அதை அப்படியே டெஸ்மண்டுக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவர் மிஷினை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அறிவிப்பு

செவ்வாய்க்கிழமை முருகையனிடமிருந்து போன். குரலில் ஒரே பதற்றம். "அக்கா, இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். மண்டப வாசல்ல புது போர்டு வச்சிருக்காங்க. மனசத் தளர விடாதீங்கக்கா. நாங்க வேணா வந்து பேசட்டுமா?"

போர்டைப் போட்டோ எடுத்தும் அனுப்பியிருந்தார். மேலே இங்கிலீஷில், மக்கள் விரும்பிக் கேட்டதால் எங்கள் தமிழ் வழிகாட்டி இந்த ஞாயிறு முதல் மறுபடி வருகிறார் என்று இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் தமிழ்: "மக்களின் கோரிக்கையை ஏற்று, எங்கள் தமிழ் வழிகாட்டி ஞாயிறு முதல் திருப்பி அனுப்பப்படுகிறார்!" முருகையன் போட்டோவுக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்.

"என்னக்கா தப்பு பண்ணீங்க?"

ஆகவே மக்களே, நிலாவுக்கு ஆள் எதுக்கு என்று இனி யாராவது கேட்டால், அங்கே வைக்கப்போகிற போர்டைத் திருத்துவதற்காவது ஒருத்தர் போய்த்தான் ஆகவேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.