சம்பந்தி ஊட்டிய கேசரி

கச்சிராயபாளையத்தில் ஒரு நிச்சயதார்த்தம். நான் பந்தி பரிமாறினேன். பெண்ணின் அப்பா ஒல்லியான மனிதர். எதை வைத்தாலும் எதில் செய்தது என்று மெதுவாகக் கேட்பார். மாப்பிள்ளையின் அப்பா ரவா கேசரியை அள்ளி, "வாயைத் தொறங்க சம்பந்தி" என்று ஊட்டிவிட்டார். இவரும் சிரித்தபடி விழுங்கினார்.

பிறகு நான் கொல்லைக்குப் போனபோது, பெண்ணின் அப்பா தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை.

"ரவையும் கோதுமைதானுங்களே. கோதுமை என் குடலுக்கு ஆவாதுங்க. ஆயுசுக்கும் தொடக்கூடாதுன்னுட்டாரு டாக்டர்."

"அவங்களாண்ட சொல்லிடலாமே?"

"வம்சமா வர்ற நோவாம். பொண்ணுக்கும் இருக்கும்னு நினைச்சுட்டா?"

கல்வராயன் மலை வைத்தியர் கொடுத்த சூரணத்தை மடியிலிருந்து எடுத்து நக்கினார்.

"இதுக்கு நோவு கேக்குதுங்களா?"

"கேக்கலீங்க" என்று வாயைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே "சம்பந்தி எங்க? கேசரி எங்க?" என்று தேடினார்கள். அவர் போனார். கேசரித் தட்டோடு நானும் அவர் பின்னாலேயே போகவேண்டியிருந்தது.